கோணமானி எட்டாத இடத்தில் கோணம் எடுப்பது எப்படி

வெள்ளகோவில் பக்கம் ஒரு அரிசி மில். நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரின் தலையிலிருந்து நெல் குழாய் வழியாக இறங்கி, நடுவில் ஒரு திருப்பம் திரும்பி, தொட்டி வாயில் விழ வேண்டும். எலிவேட்டர் வாய், திருப்பம், தொட்டி வாய் மூன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்தோம். மேஸ்திரி அண்ணன் சாக்பீஸால் மூன்றையும் இணைத்தார். அச்சாக ஒரு ‘ட’ வந்தது.

“செங்கோணமுங்க அம்முணி. தொண்ணூறு எல்போ ஒண்ணு வாங்கியாந்து போட்டுறலாம்.”

நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாய் திரும்புகிற கோணம் 50.2 டிகிரி வந்தது.

“அதெப்படிங்க? கண்ணு முன்னால ட போட்டு நிக்குது, ஐம்பதுங்கறீங்க?”

அண்ணன் சொன்னது தப்பில்லை. தரையில் விழுந்த தடம் செங்கோணம்தான். ஆனால் குழாய் தரையில் படுத்துக்கொண்டு போகவில்லையே. முதல் துண்டு கிழக்கே 90 சென்டிமீட்டர் போவதற்குள் 120 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. இரண்டாவது துண்டு வடக்கே 90 போவதற்குள் அதுவும் 120 இறங்குகிறது. ஒன்று கிழக்கு, ஒன்று வடக்கு என்று பிரிந்து போனாலும், இறக்கத்தில் இரண்டும் கூட்டு. அந்தக் கூட்டுதான் 90 டிகிரியை 50-க்குக் கொண்டுவருகிறது. இரண்டும் எவ்வளவு கூட்டாகப் போகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் புள்ளிப் பெருக்கல். காலேஜில் டாட் பிராடக்ட் என்று படித்திருப்பீர்கள்.

நான் காங்கேயத்தில், அரிசி மில்லுக்கும் எண்ணெய் மில்லுக்கும் இயந்திரம் செய்கிற ஒரு பட்டறையில் டிராயிங் போடுகிறேன். ஸைட்டுக்குப் போய் அளவெடுத்து வருவதும் என் வேலை. முப்பது அடி உயரத்தில், குழாயே இல்லாத வெற்றிடத்தில், இரண்டு குழாய்கள் என்ன கோணத்தில் சந்திக்கப் போகின்றன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அங்கே கோணமானியை எதன்மேல் வைப்பது? டேப்பும் குண்டும் இருந்தால் போதும், கோணத்தைக் கீழே நின்றே எடுத்துவிடலாம். பதினோராம் வகுப்பில் வெக்டர் பாடம் படிக்கிற பிள்ளைகளையும், பட்டறைக்குப் புதிதாக வருகிற ஃபிட்டர்களையும் மனதில் வைத்து அதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், சுவரும் சுவரும் தரையும் சேரும் இடம். ஒரு சுவரை ஒட்டிப் போவதைக் கிழக்கு என்றும், மற்றதை ஒட்டிப் போவதை வடக்கு என்றும், தரையிலிருந்து எழும்புவதை உயரம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நிஜமான கிழக்காக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று மூலைமட்டமாக, அதாவது செங்கோணமாக, இருந்தால் சரி. பழைய மில்களில் சுவரை நம்பக் கூடாது. எப்படிச் சோதிப்பது என்று கீழே வருகிறது.

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அளவு: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு. திருப்பம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது என்பதால், சாரத்தில் ஒரு கம்பியைக் கட்டி அதன் நுனியைத் திருப்பமாக வைத்துக்கொள்கிறோம். அங்கிருந்து குண்டு விட்டுத் தரையில் குறித்தால் கிழக்கும் வடக்கும் கிடைத்துவிடும். குண்டுக் கயிறே உயரத்தையும் தந்துவிடும்.

எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. கூரை போடாத ஷெட்டில் குண்டு பெண்டுலம் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் குண்டை முழுக விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கி நிற்கும். கயிறு வாளி விளிம்பைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு மில்லில் நான் எடுத்த அளவுகள் இப்படி இருந்தன, எல்லாம் சென்டிமீட்டரில்:

எலிவேட்டர் வாய்: கிழக்கு 90, வடக்கு 140, உயரம் 620
திருப்பம்: கிழக்கு 210, வடக்கு 200, உயரம் 440
தொட்டி வாய்: கிழக்கு 170, வடக்கு 350, உயரம் 270

இவை வெறும் இடங்கள்தான். வெக்டர் என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற அம்பு. போய்ச் சேரும் இடத்தின் அளவிலிருந்து புறப்பட்ட இடத்தின் அளவைக் கழித்தால் அம்பு கிடைக்கும். நெல் எலிவேட்டர் வாயில் புறப்பட்டுத் திருப்பத்தில் சேர்கிறது:

முதல் அம்பு அ = (210 − 90, 200 − 140, 440 − 620) = (120, 60, −180)

அடுத்து திருப்பத்தில் புறப்பட்டுத் தொட்டி வாயில் சேர்கிறது:

இரண்டாம் அம்பு ஆ = (170 − 210, 350 − 200, 270 − 440) = (−40, 150, −170)

மைனஸைப் பார்த்துத் தயங்க வேண்டாம். −180 என்றால் 180 இறக்கம். −40 என்றால் மேற்கே 40. அந்த மைனஸை விட்டுவிட்டால் குழாய் வேறு திசைக்குப் போய்விடும்.

இனிப் புள்ளிப் பெருக்கல். கிழக்கைக் கிழக்கோடு, வடக்கை வடக்கோடு, உயரத்தை உயரத்தோடு பெருக்கி, மூன்றையும் கூட்ட வேண்டும். கிழக்கை வடக்கோடு பெருக்குவது கிடையாது.

120 × (−40) = −4800
60 × 150 = 9000
(−180) × (−170) = 30600
கூட்டினால் 34800

இந்த மூன்று வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் துண்டு கிழக்கே போகிறது, இரண்டாவது மேற்கே திரும்புகிறது. எதிரும் புதிருமானதால் −4800. வடக்கில் இரண்டும் ஒத்துப் போகின்றன, 9000. இறக்கத்தில்தான் பெரிய ஒற்றுமை, 30600. ஒத்துப்போவதெல்லாம் வரவு, எதிர்த்துப் போவதெல்லாம் செலவு. நிகரமாக 34800 மிச்சம்.

இந்த 34800 மட்டும் கோணத்தைச் சொல்லாது. குழாய் நீளமானால் இதுவும் பெருகிவிடும். கோணம் அப்படியேதான் இருக்கும். அதனால் நீளத்தை வகுத்து எடுத்துவிட வேண்டும். நீளம் என்பது மூன்று அளவின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது:

அ-வின் நீளம் = √(14400 + 3600 + 32400) = √50400 = 224.5
ஆ-வின் நீளம் = √(1600 + 22500 + 28900) = √53000 = 230.2

கோணத்தின் காஸ் (cos, கொசைன்) = 34800 ÷ (224.5 × 230.2) = 0.673

பல போன்களில் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பினால் காஸ் பொத்தான் தெரியும். இன்வர்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால் அது காஸின் மேல் −1 போட்டதாக மாறும். அதில் 0.673 கொடுத்தால் 47.7 டிகிரி. உங்களுக்கு 0.83 என்று வந்தால் போன் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்செல்லில் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்: அதன் நேர்மாறு காஸ் எப்போதும் ரேடியனில்தான் விடை தரும், 57.3-ஆல் பெருக்க வேண்டும். மூன்று பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்ய எக்செல்லில் சம்பிராடக்ட் என்ற ஃபார்முலா இருக்கிறது. பட்டறையில் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

எந்த அலகில் அளந்தாலும் கோணம் மாறாது. அடியில் அளந்தாலும் இன்ச்சில் அளந்தாலும் அதே 47.7-தான் வரும். ஒரு புள்ளியை அடியிலும் இன்னொன்றைச் சென்டிமீட்டரிலும் எழுதாமல் இருந்தால் சரி.

மேஸ்திரி அண்ணனிடம் இந்த 47.7-ஐச் சொன்னால் அவர் கேட்கிற அடுத்த கேள்வி, “எத்தன சென்டி வெட்டோணும்?” நியாயமான கேள்வி. பட்டறையில் டிகிரியை யாரும் கிரைண்டரில் வைத்து அறுப்பதில்லை.

திருப்பத்தில் பாதியை ஒரு குழாயும் பாதியை இன்னொரு குழாயும் எடுத்துக்கொள்ளும். 47.7-ல் பாதி கிட்டத்தட்ட 23.8. குழாயை நேராக அறுக்காமல் 23.8 டிகிரி சாய்த்து அறுத்து, ஒரு துண்டை அதன் அச்சிலேயே அரைச்சுற்று திருப்பி ஒட்டினால் 47.7 டிகிரி திருப்பம் வந்துவிடும். சாய்வை அளக்க, குழாயின் விட்டத்தை 23.8-இன் டேனால் (tan) பெருக்குங்கள். வெளிவிட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் 20 × 0.441 = 8.8. அதாவது குழாயின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 8.8 சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும்.

குழாயைச் சுற்றி வருகிற அளவுக்கு ஒரு காகிதம் எடுத்து எட்டாக மடியுங்கள். மடிப்புகளில் வரிசையாக 0, 1.3, 4.4, 7.5, 8.8, 7.5, 4.4, 1.3, மறு ஓரத்தில் மீண்டும் 0 என்று உயரம் குறித்து, புள்ளிகளை மடிப்புத் தெரியாமல் வளைவாக இணைத்து வெட்டினால் அச்சு தயார். அதைக் குழாயில் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு அறுக்கலாம். வட்டக் குழாய்க்கு இது போதும். சதுரக் குழாய் என்றால் கோணத்தோடு முறுக்கும் உண்டு, அது தனிக் கணக்கு.

நெல்லுக்கு இந்தத் திருப்பம் பரவாயில்லை. வெள்ளை அரிசி இறங்குகிற குழாயில் ஒரே இடத்தில் 47 டிகிரி திருப்ப எனக்கு மனம் வராது. அரிசி தகட்டில் மோதி உடைகிறது, நொய் கூடுகிறது, மில்காரருக்கு அது நேரடி நஷ்டம். இரண்டு திருப்பமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 24 டிகிரிக்குள் வைப்பேன்.

சரி, ஒத்த அளவுகளைப் பெருக்கிக் கூட்டினால் அதிலிருந்து கோணம் எப்படி வருகிறது? எங்கள் கொத்தனார்களின் மூலைமட்டக் கணக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் செங்கோணம். 9-ம் 16-ம் சேர்ந்தால் 25, பிதாகரஸ். வராவிட்டால்? கயிற்றைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பிடிப்பார்கள். ஆனால் எவ்வளவு வரவில்லை என்பதிலேயே கோணம் ஒளிந்திருக்கிறது.

பழைய மில் சுவர்களைச் சோதிக்க நான் இதைத்தான் செய்கிறேன். ஒருமுறை மூலையிலிருந்து ஒரு சுவரில் 300 சென்டிமீட்டர், மறுசுவரில் 400 குறித்தேன். குறுக்கே 500 வர வேண்டும், 508 வந்தது. 300-இன் வர்க்கமும் 400-இன் வர்க்கமும் சேர்ந்தால் 250000. 508-இன் வர்க்கம் 258064. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −8064. அதில் பாதி −4032. இந்த −4032-தான் அந்த இரண்டு சுவர் அம்புகளின் புள்ளிப் பெருக்கல். நீளங்களால், அதாவது 300 × 400 = 120000-ஆல் வகுத்தால் −0.0336. கோணம் 91.9 டிகிரி. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், ஆனால் 4 மீட்டர் சுவரின் நுனியில் 13 சென்டிமீட்டர் விலகல். அந்தச் சுவரை வடக்கு என்று நம்பி அளந்திருந்தால் எல்லாக் குழாயும் தப்பாகியிருக்கும்.

புள்ளிப் பெருக்கல் என்பது பிதாகரஸில் நேராகாமல் நிற்கிற பாக்கித் தொகையில் பாதி. செங்கோணமாக இருந்தால் பாக்கி பூச்சியம். கோணம் குறுகலாக இருந்தால் பாக்கி பிளஸில் நிற்கும், விரிந்திருந்தால் மைனஸில் நிற்கும்.

இது ஏன் பெருக்கிக் கூட்டியதற்குச் சமமாகிறது? ஒரே இடத்தில் புறப்படும் இரண்டு அம்புகளின் நுனிகளுக்கு இடையே கயிறு பிடித்தால், அந்தக் கயிற்றின் கிழக்கு அளவு இரண்டு அம்புகளின் கிழக்கு அளவுகளின் வித்தியாசம். வித்தியாசத்தை வர்க்கப்படுத்தினால் முதலாவதின் வர்க்கம், கூட்டல் இரண்டாவதின் வர்க்கம், கழித்தல் இரண்டு மடங்கு பெருக்கல். எட்டாம் வகுப்பிலேயே படித்த சூத்திரம். வடக்குக்கும் உயரத்துக்கும் அதே கதை. மூன்றையும் கூட்டினால் வர்க்கங்களெல்லாம் சேர்ந்து அம்புகளின் நீள வர்க்கங்களாகிவிடுகின்றன. மிச்சம் நிற்பது அந்த மூன்று பெருக்கல்களின் கூட்டல், இரண்டு மடங்காக. அதனால்தான் கொத்தனார் கணக்கில் பாதியாக்கினோம். அந்தப் பாதியை நீளங்களால் வகுத்தால் ஏன் காஸ் வருகிறது என்றால், முக்கோணத்தின் கொசைன் விதி சொல்வதே அதைத்தான்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கிற பிள்ளைகள் நேராகச் சூத்திரத்தில் நுழைந்துவிடுகிறார்கள். ஒரு கயிறும் மூன்று ஆணியும் கொடுத்து, முற்றத்தில் 3-4-5 பிடிக்கச் சொல்லி, பிறகு மூலையைக் கொஞ்சம் விரித்து மறுபடி அளக்கச் சொன்னால் இந்தப் பாக்கியைக் கையாலேயே தொட்டுவிடலாம். என் சித்தி பையனுக்குக் கொப்பரை காயப்போடும் களத்தில் வைத்து இப்படித்தான் காட்டினேன்.

புள்ளிப் பெருக்கலை இன்று நாம் எழுதுகிற வடிவத்தில் தனியாகப் பிரித்து வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லார்ட் கிப்ஸ். ஹாமில்டன் என்ற கணித அறிஞர் 1843-இல் கண்டுபிடித்த குவாட்டர்னியன் என்ற நான்கு பாக எண்ணில் இந்தப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும் (கிராஸ் பிராடக்ட்) ஒன்றாகக் கலந்து கிடந்தன. கிப்ஸ் அவற்றைப் பிரித்து, 1881-இல் தன் மாணவர்களுக்காக அச்சிட்டுக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. 1863-இல் அவர் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, பல்சக்கரத்தின் பற்கள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. பட்டறைக்காரர்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் ஆளைக் கவிழ்க்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கிழக்கே இறங்கி, திரும்பி மேற்கே இறங்குகிற குழாய். நான் இரண்டு அம்புகளையும் திருப்பத்தில் புறப்படுவதாகப் போட்டேன்: ஒன்று மேலே எலிவேட்டரைப் பார்த்து, ஒன்று கீழே தொட்டியைப் பார்த்து. விடை 98 டிகிரி. கணக்குச் சரி. அது இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இருக்கிற உள்கோணம். ஆனால் எங்கள் பட்டறையில் டிராயிங்கில் எழுதுவது திருப்பக் கோணம், அதாவது நெல் தன் போக்கிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்பது. அது 180-லிருந்து 98 போக 82. நான் 98 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 98-க்கும் 82-க்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாததால் அறுத்தவர்களும் சந்தேகப்படவில்லை. மேலே ஏற்றிப் பொருத்தியபோது, 2 மீட்டர் குழாயின் நுனி தொட்டி வாயிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. சாரத்தின் மேல் நான்கு பேர் குழாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அதை இறக்கி, வெட்டி, மறுபடி ஒட்ட ஒரு முழு நாள் போனது.

அதிலிருந்து நான் பெருக்கலைத் தொடுவதற்கு முன்னால் படம் போட்டு அம்புக்குறி வரைகிறேன். திருப்பம் வேண்டுமென்றால் இரண்டு அம்பும் நெல் ஓடுகிற திசையில், ஒன்றின் தலையில் மற்றதன் வால். உள்கோணம் வேண்டுமென்றால் இரண்டின் வாலும் ஒரே புள்ளியில். ஓர் அம்பைத் திருப்பினால் அதன் மூன்று எண்ணுக்கும் குறி மாறும், புள்ளிப் பெருக்கலுக்கும் குறி மாறும், கோணம் 180-லிருந்து கழிந்துபோகும். பரீட்சையில் முக்கோணத்தின் கோணம் கேட்டால் உள்கோணம்தான் கேட்கிறார்கள், அங்கே வால்கள் சேர வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டு மார்க்கை இழக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு நல்ல காவல் இருக்கிறது. நெல் தேங்காமல் ஓட, குழாய் தரைமட்டத்துக்குக் குறைந்தது 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அப்படியானால் ஒவ்வொரு துண்டும் தூக்குக்குண்டுக் கயிற்றிலிருந்து 45 டிகிரிக்கு மேல் விலகாது. இரண்டும் ஆளுக்கு 45 எதிரெதிராக விலகினாலும் நடுவில் 90-தான் வரும், அதைத் தாண்ட முடியாது. ஆகவே நெல் போகும் வழியில் அம்பு போட்டிருந்தால் புள்ளிப் பெருக்கல் மைனஸில் வரவே வராது. மைனஸ் வந்தால் ஏதோ ஓர் அம்பு திரும்பி நிற்கிறது, அல்லது குழாய் படுத்துவிட்டது. இரண்டையும் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாய்வையும் இதே கணக்கில் எடுக்கலாம். தூக்குக்குண்டுக் கயிறும் ஓர் அம்புதான்: (0, 0, −1). அதோடு ஆ-வைப் பெருக்கினால் 170 மட்டும் மிஞ்சும். 170 ÷ 230.2 = 0.738, கோணம் 42.4. குண்டுக்கயிற்றிலிருந்து 42.4 என்றால் தரைமட்டத்துக்கு 47.6. பாஸ். முதல் துண்டுக்கு 180 ÷ 224.5 = 0.802, அது 36.7, தரைமட்டத்துக்கு 53.3. அதுவும் பாஸ்.

அளவு சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. எலிவேட்டர் வாயிலிருந்து தொட்டி வாய்க்கு நேராக ஒரு டேப் பிடியுங்கள். தலையும் வாலுமாகச் சேர்ந்த அம்புகள் என்பதால் இந்த முறை பாக்கியை (புள்ளிப் பெருக்கலின் இரண்டு மடங்கை) கழிக்காமல் கூட்ட வேண்டும்: 50400 + 53000 + இரண்டு மடங்கு 34800 = 173000. வர்க்கமூலம் 416. டேப்பில் 416 சென்டிமீட்டர் வந்தால் வேலையைத் தொடங்கலாம். 420-ஓ 410-ஓ வந்தால் தரையில் குறித்த புள்ளிகளை மறுபடி அளந்துவிட்டுத்தான் குழாயில் கை வைப்பேன்.

எந்த அளவை மறுபடி எடுப்பது? எல்லா அளவும் கோணத்தை ஒரே மாதிரி கெடுப்பதில்லை. மேலே உள்ள கணக்கில் இரண்டாம் அம்பின் வடக்கு 150-க்குப் பதிலாக 152 என்று போட்டுப் பாருங்கள். கோணம் 47.8, ஏறக்குறைய அதேதான். மேற்கே 40-ஐ 42 ஆக்கிப் பாருங்கள். 48.1 வரும். அதே 2 சென்டிமீட்டர் தவறு, நான்கு மடங்கு விளைவு. வடக்கில் நீட்டினால் அம்பு மூன்றில் இரண்டு பங்கு தன் வழியிலேயே நீள்கிறது. மேற்கே நகர்த்தினால் முதல் அம்பை விட்டு விலகிப் போகிறது. அதனால் ஒவ்வொரு அளவையும் 2 சென்டிமீட்டர் மாற்றி மாற்றி எக்செல்லில் ஓடவிட்டு, எது விடையை அதிகம் அசைக்கிறதோ அதை மட்டும் இன்னொருமுறை கவனமாக எடுக்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். கோணம் மிகச் சிறியதாக இருக்கும்போது காஸ் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. 5 டிகிரிக்கு 0.996, 1 டிகிரிக்கு 0.9998. எலிவேட்டர் கால் நேராக நிற்கிறதா என்று ஒருவர் இப்படிப் பார்க்க முயன்றார். 9 மீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது. காஸ் 0.99998. கால்குலேட்டரில் நான்கு தசமத்தோடு நிறுத்தினால் 1 என்று காட்டிவிடும், கோணம் பூச்சியம் என்று நினைத்துவிடுவீர்கள். அந்த மாதிரி நேரத்தில் விலகலையே பிடியுங்கள்: 5-ஐ 900-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் 0.32 டிகிரி. தூக்குக்குண்டும் ஒரு ஸ்கேலும் போதும்.